கரடித் தடமும் வானவில் மீனும்

எங்கள் ஊரில் வகாசா ருமிகோவின் முகம் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். குரல் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஊராட்சி அலுவலகத்தின் வனப் பிரிவில் அவளுக்கு வேலை. எங்காவது கரடி தட்டுப்பட்டால், தெருக் கம்பங்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளில் அவள்தான் பேசுவாள். எந்த இடம், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொல்வாள். பீட் கிழங்கு தோண்டுகிறவர்கள் எந்திரத்தை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். கடையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது அவள் சும்மா வணக்கம் சொன்னாலே போதும், "எந்தப் பக்கம் வந்திருக்கு அக்கா?" என்று யாராவது கேட்டுச் சிரிப்பார்கள்.

நான் சயோ. ருமிகோவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நுபுனாய் ஆற்றங்கரையில் ஆறு அறைகள் உள்ள சின்ன விடுதி என்னுடையது. சமைப்பதும் நான்தான், படுக்கை விரிப்பதும் நான்தான். கோடையில் சைக்கிள்காரர்கள் வருவார்கள். அக்டோபரில் வருகிறவர்கள் எல்லோரும் வானவில் டிரவுட் மீனுக்காக வருகிறவர்கள். சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறி வந்து சரளையில் முட்டையிடும் மாதம் அது. ஆற்றில் சால்மனை யாரும் தொடக் கூடாது, சட்டம். ஆனால் அதன் வாலுக்குப் பின்னாலேயே, உருண்டு வரும் முட்டைகளைத் தின்ன வானவில் மீன்கள் வந்து நிற்கும். பனி விழுமுன் உடம்பைத் தேற்றிக்கொள்ள அவற்றுக்கு அந்த மூன்று நான்கு வாரங்கள்தான். கரடிகளுக்கும் அதே வாரங்கள்தான்.

ருமிகோ தூண்டில் கோலைக் கையில் எடுத்தது முப்பத்தெட்டாம் வயதில். ஒரு அக்டோபர் மதியம் கரடித் தடம் பார்க்க ஆற்றோரம் போயிருந்தாள். ரயில் ஓடாமல் நிற்கும் பழைய பாலம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஆழமான மடு. பாலத்துக் கம்பியிலிருந்து ஒரு நாற்றப் பூச்சி தவறித் தண்ணீரில் விழுந்தது. அடியிலிருந்து ஒரு மீன், அவசரமே இல்லாமல் எழும்பி வந்து, அதை வாய்க்குள் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. திரும்பும்போது விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று பளிச்சென்று தெரிந்ததாம். அன்று சாயங்காலம் என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து இதையே மூன்று தடவை சொன்னாள்.

"அந்த நாத்தம் புடிச்ச பூச்சிய எப்படிடி திங்குது அது?"

"குளிர்காலம் பூரா பட்டினி கிடக்கணும்னா நீயும்தான் திம்ப," என்றேன்.

மறுவாரம், பல் மருத்துவர் ஒருவர் வேண்டாமென்று விற்ற பழைய கோலை வாங்கி வந்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. முதல் வருடம் அவள் தூண்டில் முள்ளில் மாட்டியவை அவளுடைய தொப்பி, பாலத்துக் கம்பி, நான் கொடியில் காயப்போட்டிருந்த மெத்தை உறை. மீன் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் வருடம் அக்டோபர் கடைசியில் ஒன்று கிடைத்தது, உள்ளங்கை நீளம். அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஏதோ நல்ல சேதி என்று நினைத்தேன். நல்ல சேதிதான்.

மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டும் பொய்ப் பூச்சிகளை அவளே கட்டுவாள். இலையுதிர் காலத்தில் குளிருக்குப் பயந்து நாற்றப் பூச்சிகள் வீட்டுக்குள் புகுந்துவிடும். நான் ஜன்னல் ஓரமாக ஒட்டுநாடாவை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பிடிப்பேன்.

"ஏய், நசுக்காத. இங்க குடு. முதுகு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"உங்க ஆபீஸ்ல இல்லாத பூச்சியா?"

"அங்க எல்லாரும் என்னைப் பாத்தா ஒளிச்சு வெச்சுடறாங்க."

மான் முடியையும் பச்சை நூலையும் வைத்து அவள் கட்டும் பூச்சியைப் பார்த்து என் விருந்தாளிகளே அசந்திருக்கிறார்கள்.

மற்ற மாதங்களில் அவளுக்கு ஆறு கிடையாது. சோளக் கொல்லையில் கரடி, வேலியில் மான், விண்ணப்பங்கள், கூட்டங்கள். ஒரு தடவை கல்யாணமாகி, ஒத்துவராமல் பிரிந்து வந்தவள். அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அக்டோபரில் மட்டும் விடியலில் பாலத்தடியில் இறங்கி, ஏழரைக்கு மேலேறி, காரிலேயே உடுப்பு மாற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அலுவலகம் போவாள்.

வேலையில் அவள் கறார். எனக்கே அது வலித்திருக்கிறது. நான் சொல்லப்போகிற வருடத்துக்கு முந்தைய அக்டோபரில், ஆற்றின் மேல்துறையில் கரடிச் சாணம் கிடப்பதாக ஒரு விவசாயி சொல்லிவிட்டுப் போனார். கரடி வந்ததற்கு அடையாளம் இருந்தால் ஆற்றுப் பாதையின் கதவை இரண்டு வாரம் பூட்டிவிடுவார்கள். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. என் ஆறு அறைகளும் நிரம்பியிருந்தன. காளான், புது உருளைக்கிழங்கு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன்.

"ரெண்டே ரெண்டு நாள்டி. திங்கக்கிழமை பூட்டிக்கோ," என்று கெஞ்சினேன்.

"சாணி ஈரமா இருக்கு சயோ."

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா? உன் ஆறு ரூமும் சேர்ந்து தாங்குமா?"

அன்றே பூட்டினாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் என் அடுக்களை ஜன்னல் வழியாகவே வந்தது. நான் ஜன்னலை அறைந்து சாத்தினேன். அந்தக் காளானைப் பத்து நாள் நானே தின்றேன்.

அடுத்த வருடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ருமிகோவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

பாலத்தடி மடுவில் ஒரு பெரிய வானவில் மீன் இருந்தது. இரண்டு இலையுதிர் காலங்களில் மூன்று தடவை அவள் முள்ளில் மாட்டி, மூன்று தடவையும் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பாலத்தடிப் பெரியவர் என்று நாங்கள் பெயரே வைத்துவிட்டோம்.

"இன்னிக்கி பெரியவர் எப்படி இருக்காரு?" என்பேன்.

"எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. நான் கட்டின பூச்சிக்குக் கால் சரியில்லையாம்," என்பாள்.

அக்டோபர் பதினான்காம் தேதி காலையில் அவள் தனியாக இறங்கினாள். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைப் பிற்பாடு அவளே எனக்குச் சொன்னாள். கட்சுரா மரத்து இலைகள் விழுந்து கரையெல்லாம் சர்க்கரை கருகும் வாசனை. தண்ணீர் தெளிவாக இருந்தது. மடுவுக்குப் பக்கத்து மணல் திட்டில் பாதி தின்ற சால்மன் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் தடம். தடத்துக்குள் ஊறியிருந்த தண்ணீர் இன்னும் கலங்கல் தெளியாமல் இருந்தது. கரடி போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்று அர்த்தம். ருமிகோ சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து முன்னங்கால் தடத்தின் அகலத்தை அளந்தாள். பதினாறு சென்டிமீட்டர். வளர்ந்த ஆண் கரடி. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஐம்பது.

அந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே சாலைக்கு ஏறிப் போய்ப் பேசவேண்டும். பேசினால் அன்றே கதவைப் பூட்டவேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது பனி வந்திருக்கும்.

கோலை மடக்கப் போனாள். அப்போது பாலத்து நிழலில் தண்ணீர் மெல்லப் புடைத்தது. வட்டம் ஒன்று விரிந்தது. பெரியவர்.

"ஒரு தடவை வீசிட்டுப் போகலாம்னுதான் நெனச்சேன்," என்று சொன்னாள் என்னிடம். "ஒரே ஒரு தடவை."

ஒன்று பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. தடத்துக்கு நாலடி தள்ளி நின்றபடி ஐம்பது நிமிடம் வீசினாள். காது மட்டும் புதர்ப் பக்கமே இருந்ததாம். கடைசியில் அவள் கட்டிய நாற்றப் பூச்சி பாலத்துத் தூணை ஒட்டி இறங்கியபோது, மீன் எழும்பி வந்து, பதினாலு வருடத்துக்கு முன் அவள் பார்த்த மாதிரியே, அவசரமில்லாமல் அதை வாங்கிக்கொண்டது.

இந்த முறை நரம்பு அறவில்லை. மடுவைச் சுற்றி இரண்டு தடவை இழுத்துக்கொண்டு ஓடியது, ஒரு தடவை காற்றில் எழும்பி விழுந்தது, பிறகு கைவலைக்குள் வந்து படுத்தது. வலைக்குள் வால் அடங்கவில்லை. அறுபது சென்டிமீட்டருக்குக் குறையாது என்றாள். கன்னத்திலிருந்து வால்வரை அந்தச் சிவப்பு. தண்ணீருக்குள் அதைத் தாங்கிப் பிடித்து, மூச்சு வாங்கவிட்டு, கையை விரித்தாள். அது கொஞ்ச நேரம் விரல்களுக்கு நடுவிலேயே நின்றுவிட்டுப் போனது.

"சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கையை எடுத்ததும் கடிகாரத்தைப் பாத்தேன். ஓடினேன்."

ஆறு ஐம்பத்தைந்துக்கு என் போன் அடித்தது.

"சயோ, ஆத்துக்கு யாரையும் விடாத. பாலத்துக்கிட்ட தடம். புதுசு."

"ஐயோ, தொகாஷி சான் இப்பதான் இறங்கினாரு!"

மரியாதைக்குச் சான் சேர்த்து நாங்கள் கூப்பிடும் இந்தத் தொகாஷி, சப்போரோ நகரத்தில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக அக்டோபரில் என்னிடம் வருகிறவர். ஆறரைக்குச் சாப்பிட உட்கார்ந்து, என் மிசோ சூப்பில் உருளைக்கிழங்கு பெரிதாக இருக்கிறது என்று வழக்கம்போலக் குறை சொல்லி, இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

பின்கதவு வழியாக ஓடினேன். கையில் ஒரு சட்டியும் கரண்டியும். தட்டிக்கொண்டே கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வளைவைத் தாண்டியதும் அவர் தெரிந்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி கிடந்தார். எதிர்க்கரையில், முப்பது அடி தூரத்தில், கரடி ஒரு சால்மனைக் காலில் அமுக்கிக்கொண்டு நின்றது.

"சயோ சான், ஓடாதீங்க," என்றார் தொகாஷி மெதுவாக. "அவரு சாப்பிட்டுட்டு இருக்காரு. நாம ஏன் தொந்தரவு பண்ணணும்?"

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"கரடியப் பாத்தபடியே பின்பக்கமா நடந்தேன். கால் உள்ள போயிடுச்சு. ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு."

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். கரடி தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு மீனைக் கவ்விக்கொண்டு குட்டை மூங்கில் புதருக்குள் போய்விட்டது. புதர் அசைவது நின்ற பிறகுதான் சட்டியைக் கீழே வைத்தேன்.

ருமிகோ வந்தாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தொகாஷியைத் தாங்கி மேலே கொண்டுவந்தோம். அவள் தலை நனைந்திருந்தது. தகவல் தெரிந்ததும் ஓடிவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு.

அலுவலகத்தில் அவள் ஒரு படிவம் நிரப்பவேண்டும். எங்கே, எப்போது, யார் கண்டது என்று. ஐந்து ஐம்பது என்று எழுதினாள். பிரிவுத் தலைவர் இவாபுச்சி அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

"வகாசா சான், போன் பண்ணினது ஆறு ஐம்பத்தஞ்சுக்கு."

"ஆமாங்க."

"அப்ப தடத்தைப் பாத்தது ஆறே முக்கால்னு போடுங்க. ஏறி வர பத்து நிமிஷம். யாரு வந்து கேக்கப் போறா?"

"அஞ்சு ஐம்பதுக்குப் பாத்தேன். ஆறு நாப்பது வரைக்கும் மீன் புடிச்சேன்."

"இத எழுத்துல குடுத்தா நான் என்ன பண்றது?"

"என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க."

மதியம் என் அடுக்களைக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து ஐம்பதுக்கே ஏறி வந்திருந்தால் ஆறு பத்துக்குள்ளேயே எனக்குப் போன் வந்திருக்கும். தொகாஷி அப்போது பல்கூடத் துலக்கியிருக்கமாட்டார். அந்தக் கணக்கை அவளே என் முன்னால் போட்டுக் காட்டினாள்.

கையிலிருந்த கரண்டியைப் போட்டேன்.

"போன வருஷம் எனக்கு என்ன சொன்னடி? ஆறு ரூமும் தாங்குமான்னு கேட்டியே? உன் மீன் தாங்குமா?"

"தாங்காது."

"வெளிய போ."

போனாள். ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை.

அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகம் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தது. வேறு பிரிவுக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது, ஆனால் தடம் பார்க்கத் தெரிந்த ஆள் வேறு இல்லை. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தால் இப்போது கேலி வேறு மாதிரி. "இப்பதான் பாத்தீங்களா அக்கா, இல்ல மீன் கடிச்சதுக்கு அப்புறமா?" என்று பீட் கிழங்குக் களத்தில் ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாராம். "கேக்க வேண்டியதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாளாம்.

தொகாஷியை மருத்துவமனையில் போய்ப் பார்த்தாள் என்பது எனக்கு அவர் போன் பண்ணிச் சொல்லித்தான் தெரியும்.

"உங்க ஃப்ரெண்டு வந்தாங்க," என்றார். "கட்டில் பக்கத்துல நின்னு, தலைய குனிஞ்சுகிட்டு, நிமிஷம் நிமிஷமா எல்லாத்தையும் சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. வராம இருக்குமா? ஆனா வாய்ல வேற கேள்வி வந்துடுச்சு."

"என்ன கேட்டீங்க?"

"எவ்வளவு பெருசுன்னு கேட்டேன்."

நான் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

"அளக்கலையாம். அதே டேப்பால தடத்தை அளந்துட்டு, அதை மீன் மேல வெக்க மனசு வரலையாம். அப்புறம்தான் சொன்னேன். நானா இருந்தாலும் ஒரு தடவை வீசியிருப்பேன், வகாசா சான். ஆனா ஐம்பது நிமிஷம் ரொம்ப அதிகம்னு சொன்னேன். ஆமாங்கன்னாங்க. கால் ஆறணும், நான் அடுத்த வருஷம் வரணும்னாங்க. அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன வருடம் நான் கேட்டது இரண்டு நாள். அவள் எடுத்துக்கொண்டது ஐம்பது நிமிடம். அன்று அவள் எனக்குச் சரி என்று சொல்லியிருந்தால், ஆறு அறைக்காரர்களையும் சிரித்துக்கொண்டே ஆற்றுக்கு அனுப்பியிருப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் அப்போது சொன்னேனே, அதை எந்த தைரியத்தில் சொன்னேன்? அவள் செய்தது தப்புதான். அதைத் தப்பு என்று சொல்ல ஊரில் தகுதியில்லாத ஒரே ஆள் நான்.

நவம்பர் கடைசியில், முழங்கால் உயரப் பனியில், உருளைக்கிழங்குப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"சூடா இருக்கா?"

"வழியிலேயே ஆறிடுச்சு. அடுப்புல வை."

மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் வைத்து, சூடாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெண்ணெய் தடவித் தின்றோம். நான் அந்த இரண்டு நாள் சமாச்சாரத்தைச் சொன்னேன். "அது வேற, இது வேற," என்றாள். "நீ கேட்ட. நான் செஞ்சேன்." அதற்கு மேல் அவள் அதைப் பேச விடவில்லை. பிறகு அந்தக் காலை நேரத்தை எனக்கு முதலிலிருந்து மெதுவாகச் சொன்னாள். வாலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கை தானாக விரிந்தது.

குளிர்காலத்தில் இவாபுச்சியிடம் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாள். அக்டோபர் முழுக்க ஆற்றுப் பாதையின் கதவு இரவில் பூட்டியிருக்கட்டும். விடியலில் வனப் பிரிவிலிருந்து ஒருவர் கரையோரம் நடந்து பார்த்து, தடம் இல்லையென்றால் ஏழு மணிக்குத் திறக்கட்டும். ஒருவர் என்றால் யார் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த அக்டோபரிலிருந்து தினமும் ஐந்தேகாலுக்கு, சத்தம் கேட்டுக் கரடி விலகட்டும் என்று மணி கட்டிய பையோடு அவள் நடக்க ஆரம்பித்தாள். கோல் கொண்டு வரமாட்டாள். அது, அவள் கொடுத்து வைத்தபடியே, என் சாமான் அறையில் உறைக்குள் கிடந்தது. எடுத்துக்கொள் என்று நானும் சொல்லவில்லை.

அந்த அக்டோபரின் மூன்றாம் வாரம் தொகாஷி வந்து இறங்கினார், கைத்தடியோடு. வந்ததும் சூப்பில் உருளைக்கிழங்கு சின்னதாகிவிட்டது என்றார்.

"ஆத்துக்குப் போறீங்களா?" என்றேன்.

"போகணும். ஆனா தனியாப் போக பயமா இருக்கு. அந்த வகாசா சானைக் கூப்பிடுங்க. எனக்குக் கடன் பட்டிருக்காங்கன்னு சொல்லாதீங்க. துணைக்கு ஆள் வேணும்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு ருமிகோ என் முற்றத்தில் வந்து நின்றாள்.

"நான் பக்கத்துல நிக்கிறேன். நீங்க புடிங்க," என்றாள் அவரிடம்.

"சும்மா நிக்கிறதுக்கு மரம் போதுமே. கோல் எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்க் கோலை எடுத்து வந்து கொடுத்தேன்.

இருவரும் பாலத்துப் பக்கம் போகவில்லை. தொகாஷியின் காலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கீழ்த்துறையின் சரளை மேட்டுக்குப் போனார்கள். பதினொரு மணிக்கு நான் சோற்று உருண்டையும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனபோது, அவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்கே எந்தக் கரடியும் கிட்டே வராது. ருமிகோ பத்தடி தள்ளி நின்று வீசிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பஞ்சு ஒட்டிய பனிப் பூச்சிகள் அவள் தொப்பியில் உட்கார்ந்திருந்தன.

"வகாசா சான், உங்களுக்குக் கடிச்சிருக்கு! பாருங்க, பாருங்க!"

"தெரியுதுங்க. கத்தாதீங்க."

முழங்கை நீளம் இருக்கும், நல்ல சிவப்பு. கைவலைக்குள் வந்ததும் தொகாஷி தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். மீனை விட்டார்கள். கை கழுவிவிட்டு மூவரும் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னார். ருமிகோ இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் நவம்பர் மூன்றாம் தேதி பனி விழுந்தது. அதற்கு முந்தின நாள் வரை தொகாஷி என் விடுதியில்தான் இருந்தார்.